ஆவணியைப் பன்னிரண்டால் வகுத்தேன்

புதிதாக நம் தொழிலுக்கு வந்தவர்கள் என்னைப் பார்க்க வரும்போதெல்லாம் ஒரே கேள்வியோடு வருகிறீர்கள். "ஆன்லைன்ல கார்டு வாங்குறதுக்கு எந்தக் கம்பெனி அக்கவுண்ட் சீப், அங்கிள்?" நானும் பல ஆண்டுகள் அந்தக் கேள்விக்கு உற்சாகமாகப் பதில் சொன்னவன்தான். ஒரு கடைக்காரருக்குச் சதவீதத்தில் ஒரு துளி குறைத்து வாங்கிக் கொடுத்துவிட்டால் அன்று முழுக்க நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நடப்பேன். இப்போது அந்தக் கேள்வியைக் கேட்டால் எனக்குக் கலைவாணியின் நினைவுதான் வருகிறது. அவரைக் கிட்டத்தட்டத் தெருவில் நிறுத்திவிட்டேன். எப்படி என்பதை மறைக்காமல் எழுதுகிறேன். முடிவு நன்றாகவே வந்தது என்பதால் எழுதத் துணிவும் இருக்கிறது.

நான் வங்கியின் கார்டுப் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். அதன்பின் சிங்கப்பூரை ஒட்டிய ஜொகூரில் சிறு வியாபாரிகளுக்கு இந்த விஷயத்தில் ஆலோசனை சொல்லி வந்தேன். இணையத்தில் கார்டு வாங்க வேண்டுமென்றால் வணிகர் கணக்கு ஒன்று வேண்டும். வாடிக்கையாளரின் கார்டிலிருந்து பணத்தை எடுத்து, தன் பங்கைக் கழித்துக்கொண்டு, மீதியைக் கடைக்காரருக்கு அனுப்பும் கணக்கு அது. அதைத் தரும் நிறுவனங்கள் பல. எதை யாருக்குப் பொருத்துவது என்பதுதான் என் வேலை.

கலைவாணி மணவறை அலங்காரம் செய்பவர். லாயாங் லாயாங் என்ற ஊர்ப்பக்கத்துத் தோட்டத்துக் கோயில் கல்யாணங்களில் பூத்தோரணம் கட்டி ஆரம்பித்து, ஸ்கூடாயில் ஒரு கடைவீட்டின் மாடியைப் பிடிக்கும் அளவுக்கு வந்திருந்தார். நான் முதல்முறை போனபோது அந்த மாடியில் உட்கார இடமில்லை. கண்ணாடியிழையில் செய்த இரண்டு யானைகளுக்கு நடுவே ஒரு பிளாஸ்டிக் நாற்காலி போட்டுக் கொடுத்தார்.

"பாலத்துக்கு அந்தப் பக்கம் வேலை செய்ற ஆளுங்கதான் அங்கிள் இப்ப எனக்கு நெறைய. சிங்கப்பூர் கார்டுல கட்டிட்டுப் போய்டுறேங்கிறாங்க. நான் வாங்க வழி இல்லாம நிக்கிறேன்."

"வழி நான் பண்ணித் தர்றேம்மா."

"ஆனா ஒன்னு அங்கிள். ஆடி மாசம் எனக்கு ஒரு காசு வராது. டேட் மட்டும் புக் பண்ணி வச்சிருப்பாங்க. ஆடியில கல்யாணத்துக்குன்னு காசு எடுத்து வைக்க மாட்டாங்க. ஆவணி பொறந்த அன்னைக்கு எல்லாரும் ஒரேயடியா கட்டுவாங்க. அத பேங்க்ல சொல்லணுமா?"

இந்த இடத்தில்தான் தவறு நடந்தது.

என் தகப்பனார் அரசாங்க உத்தியோகத்தில் இருந்தவர். யாழ்ப்பாணத்திலிருந்து வந்த குடும்பம். நான் படித்தது முழுக்க ஆங்கிலப் பள்ளி. வீட்டில் நல்ல நாள் பார்ப்போம், ராகு காலம் பார்ப்போம். வெளியே அதைப் பற்றி மூச்சுவிட மாட்டோம். கோலாலம்பூரில் குளிரூட்டிய அறையில் உட்கார்ந்திருக்கும் ஓர் அதிகாரியிடம், "எங்கள் ஆட்கள் இந்த மாதம் கல்யாணம் செய்ய மாட்டார்கள்" என்று எழுதிக் கொடுப்பதை நினைத்தாலே எனக்குக் கூச்சமாக இருந்தது. மூடநம்பிக்கை பிடித்த கூட்டம் என்று நினைப்பார்களே என்ற பயம். ஒழுங்கான வியாபாரம் மாதாமாதம் ஒரே மாதிரி ஓடும் என்பது என் எண்ணம்.

"அதெல்லாம் பேங்குக்காரனுக்கு எதுக்கும்மா?" என்றேன்.

"இல்ல அங்கிள், நாளைக்கு ஒன்னு ஆகிட்டா..."

"என்ன ஆகிடப் போகுது? நான் முப்பது வருஷமா இதுலதான் இருக்கேன்."

விண்ணப்பத்தில், அவருடைய ஆண்டு வருமானத்தைப் பன்னிரண்டால் வகுத்து மாத விற்பனை என்று எழுதினேன். பணம் கட்டி எத்தனை நாளில் பொருளோ சேவையோ கொடுக்கப்படும் என்ற கேள்விக்கு, ஒரு சில நாட்களில் என்று எழுதினேன். உண்மையில் சில கல்யாணங்கள் பணம் கட்டி இரண்டு மாதம் கழித்தே நடக்கும். இவ்வளவு சீரான வியாபாரம் என்று பார்த்த நிறுவனம் ஒன்று தன் பங்குக்கு மிகக் குறைந்த ரேட் கொடுத்தது. தினமும் புடவையும் செருப்பும் விற்று மறுநாளே அனுப்பிவிடும் கடைகளுக்கு உரிய ரேட் அது. நான் பேரம் பேசி வாங்கியதாகக் கலைவாணியிடம் பெருமையடித்துக்கொண்டேன். அவர் எனக்கு ஒரு பெட்டி லட்டு கொடுத்தார்.

ஆனி மாதம் கணக்கு நன்றாக ஓடியது. ஆடி பிறந்தது. கணக்கில் ஒரு ரிங்கிட்கூட விழவில்லை. ஆவணி பிறந்த அன்றும் மறுநாளும் பணம் கொட்டியது. மூன்றாம் நாள் காலை கலைவாணி போன் செய்தார்.

"அங்கிள், காசு எனக்கு வரல. ஏதோ ஈமெயில் வந்திருக்கு. நிறுத்தி வச்சிருக்காங்களாம். ஆறு மாசம் வரைக்கும் வச்சுக்குவோம்னு போட்டிருக்கு. அது எப்படி அங்கிள் ஆறு மாசம்? ஞாயித்துக்கெழம மாசாய்ல கல்யாணம்!"

நான் அங்கே போனபோது அவர் யானையின் முதுகில் கைவைத்தபடி நின்றுகொண்டிருந்தார். கேமரன் மலையிலிருந்து பூ அனுப்புகிறவர் பாதிப் பணம் வந்தால்தான் லாரி ஏற்றுவேன் என்று சொல்லிவிட்டார். இந்தியாவிலிருந்து வரும் மல்லிகைக்கும் அப்படியே. அந்த ஞாயிற்றுக்கிழமை மட்டும் இல்லை, ஆவணியின் ஒவ்வொரு முகூர்த்தத்துக்கும் ஏதாவது ஒரு மண்டபத்தில் அவருக்கு வேலை இருந்தது. ஒரு கல்யாணத்தில் மணவறை இல்லாமல் போனால் போதும், ஜொகூரில் எந்தத் தமிழ்க் குடும்பமும் மறுபடி அவரைக் கூப்பிடாது. பணம் கட்டியவர்கள் தங்கள் வங்கியில் புகார் கொடுத்துத் திருப்பிக் கேட்பார்கள். அதன்பின் எந்த நிறுவனமும் அவருக்குக் கணக்குத் தராது. கடை, பெயர் எல்லாம் அந்த ஞாயிற்றுக்கிழமையில் தொங்கிக்கொண்டிருந்தது.

அந்த நிறுவனம் ஏன் பயந்தது என்று எனக்கு உடனே புரிந்தது. புதிய கணக்கு. கொஞ்ச நாள் அளவாக விற்பனை. பிறகு ஒரு மாதம் சத்தமே இல்லை. திடீரென்று இரண்டே நாளில், வெளிநாட்டுக் கார்டுகளில், எழுதிக் கொடுத்ததைவிடப் பல மடங்கு. ஏமாற்றிவிட்டு ஓடுகிற கும்பல் அப்படித்தான் செய்யும். வங்கியில் இருந்தபோது நானே அப்படிப்பட்ட கணக்குகளைப் பூட்டியிருக்கிறேன்.

புரிந்தும் நான் அதைக் கலைவாணியிடம் சொல்லவில்லை. "சிஸ்டம்ல ஏதோ கோளாறும்மா" என்றேன்.

"எங்க மச்சான் ஸ்கூடாய்லதான் டியூஷன் சென்டர் வச்சிருக்காரு. அவர்கிட்டயும் கார்டு அக்கவுண்ட் இருக்கு. இன்னும் கட்டாத கஸ்டமருங்கள அதுல கட்டச் சொல்லிடவா? இந்த வாரத்த மட்டும் ஓட்டிடலாம்."

அவருடைய முகத்தைப் பார்த்தபோது எனக்கும் சரி என்று சொல்லிவிடத் தோன்றியது. உண்மையாகவே ஒரு நிமிடம் தோன்றியது. ஆனால் பாடம் நடத்தும் கணக்கில் மணவறைப் பணம் விழுந்தால் அந்தக் கணக்கும் பூட்டப்படும், மச்சானும் சேர்ந்து முழுகுவார். நீங்கள் எதை மறந்தாலும் இதை மறக்காதீர்கள். நெருக்கடியில் இருக்கும் வியாபாரி ஒருவர் இன்னொருவர் கணக்கைக் கடன் வாங்கலாமா என்று கேட்டால், அவர் எவ்வளவு அழுதாலும் கூடாது என்றே சொல்லுங்கள்.

"வேணாம்மா. நான் பேசுறேன்" என்றேன்.

அந்த நிறுவனத்தின் ரிஸ்க் பிரிவில் இருந்தவர் ஒரு சீனப் பெண்மணி. குரலைக் கேட்டால் நாற்பது வயது இருக்கும். வரிசையாக மூன்று பேரைக் கடந்துதான் அவரிடம் போக முடிந்தது. கலைவாணி கேட்கட்டும் என்று ஸ்பீக்கரில் போட்டேன். ஆங்கிலத்தில் பேசினோம். நான் தமிழில் தருகிறேன்.

"ரெண்டே நாள்ல இவ்வளவு பணம் எங்கேர்ந்து வந்துச்சு, சார்?"

"ப்ரோமோஷன் போட்டோம், மேடம்" என்றேன்.

யோசித்து வைத்திருந்த பொய் கூட இல்லை. வாயில் வந்தது. கலைவாணி நிமிர்ந்து என்னைப் பார்த்தார்.

"நல்லது. அந்த விளம்பரத்த இப்ப எனக்கு அனுப்புங்க. எவ்வளவு தள்ளுபடி? எத்தனை தேதி வரைக்கும்?"

அனுப்ப எங்களிடம் விளம்பரம் எதுவும் இல்லை.

"சார், இருக்கீங்களா?"

வங்கியில் நான் அவர் இடத்தில் உட்கார்ந்திருந்தபோது இப்படி எத்தனையோ மௌனங்களைக் கேட்டிருக்கிறேன். அதன்பின் என்ன முடிவு எடுப்பேன் என்பதும் தெரியும். இன்னும் ஒரு பொய் சொன்னால் கோப்பு மூடப்படும்.

"மேடம், ப்ரோமோஷன் இல்ல. நான் பொய் சொன்னேன். போன மாசம் எங்க தமிழ் நாட்காட்டியில ஆடின்னு ஒரு மாசம். அந்த மாசத்துல நாங்க கல்யாணம் செய்ய மாட்டோம். கல்யாணத்துக்குக் காசும் கட்ட மாட்டோம். அது முடிஞ்ச மறுநாள் எல்லாரும் கட்டுவாங்க. வருஷா வருஷம் இதுதான். இந்த அம்மா என்கிட்ட முதல் நாளே சொன்னாங்க. அத எழுத எனக்கு வெட்கமா இருந்துச்சு. அதனால வருஷக் கணக்கப் பன்னிரண்டால வகுத்து எழுதிட்டேன். தப்பு என்னோடது. அவங்களோடது இல்ல."

போனை வைத்துவிடுவார் என்றே நினைத்தேன். ஆனால் ஒரு சிரிப்பு கேட்டது.

"பேய் மாசம் மாதிரியா?"

"என்ன மேடம்?"

"எங்க சீன நாட்காட்டியோட ஏழாவது மாசம், சார். அந்த மாசம் நாங்களும் கல்யாணம் பண்ண மாட்டோம், வீடு மாற மாட்டோம். எங்கம்மா அந்த மாசத்துல நீந்தக்கூட விட மாட்டாங்க. உங்களோடதும் எங்களோடதும் கிட்டத்தட்ட ஒரே நேரத்துல வருது போல."

"ஆமாம் மேடம். வரும்."

"நீங்க எப்ப கல்யாணம் பண்ணீங்க?"

இந்தக் கேள்வியை எதிர்பார்க்கவில்லை. "ஆவணியில. ஆடியில நடக்க வேண்டியது, என் அம்மா விடல. ஆபீஸ்ல என் மேனேஜர்கிட்ட மண்டபம் கிடைக்கலன்னு சொன்னேன்."

"நான் கவுன் தைச்சு முடியலன்னு சொன்னேன்" என்றார் அவர். "அலமாக், ஐயோ! பேய் மாசம்னு சொல்ல எனக்கும் வெட்கம்லா."

கலைவாணி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். அந்த ஈமெயில் வந்தபின் அவர் சிரித்தது அப்போதுதான்.

ஆனால் அந்தப் பெண்மணி சிரித்துவிட்டுப் பணத்தை விட்டுவிடவில்லை. விட்டிருந்தால் அவர் வேலைக்கே லாயக்கில்லாதவர். குரல் மாறியது. "இதெல்லாம் கதையாவும் இருக்கலாம். எனக்கு ஆதாரம் வேணும். ரெண்டு வருஷத்து வங்கிக் கணக்கு, மண்டப ரசீதுகள், கஸ்டமர் நம்பருங்க. நான் யாரைக் கூப்பிடணும்னு நான்தான் முடிவு பண்ணுவேன்."

எல்லாவற்றையும் அனுப்பினோம். அவர் கூப்பிட்டவர்களில் ஒருவர் மாசாய்க் கல்யாணத்துப் பெண்ணின் அப்பா. சிங்கப்பூர்க் கப்பல் பட்டறையில் வேலை செய்பவர். அவர் சொன்ன பதிலை அந்தப் பெண்மணியே பிறகு எங்களிடம் சொன்னார். "மேடம், அந்தத் தங்கச்சியோட காச நீங்க பிடிச்சு வச்சா, ஞாயித்துக்கெழம நீங்க வந்து என் மக கல்யாணத்துக்குப் பூக் கட்டுங்க" என்றாராம்.

மறுநாள் மதியம் பெரும்பகுதிப் பணம் கலைவாணியின் கணக்கில் விழுந்தது. ஒரு பங்கை மட்டும் பாதுகாப்புக்கு வைத்துக்கொண்டு, ஒவ்வொரு கல்யாணமும் முடிய முடிய அதற்குரியதை விடுவிப்பதாக அந்தப் பெண்மணி போனில் சொன்னார். கலைவாணி கத்திய கத்தலில் கீழ்க்கடைக்காரர் மாடிப்படி ஏறி வந்துவிட்டார். பூக்காரருக்குப் பணம் போனது. கேமரன் மலையில் லாரி கிளம்பியது.

அந்தப் போனை வைப்பதற்கு முன் அந்தப் பெண்மணி என்னிடம் தனியாகச் சொன்னது இது. "சார், அந்த மாசத்த நீங்க எழுதியிருந்தா இந்த ரெண்டு நாள் எனக்கு ஆச்சரியமே இல்ல. ஆனா எழுதியிருந்தா எங்க கம்பெனி உங்களுக்கு இந்த ரேட்டும் குடுத்திருக்காது. இது அவங்களுக்கான அக்கவுண்டே இல்ல. இன்னைக்குக் காசு வாங்கி ரெண்டு மாசம் கழிச்சு வேலை செய்யறவங்களுக்கு வேற எடம் பாருங்க."

இந்தத் தொழிலில் எனக்கு யாரும் இதைவிடச் சுருக்கமாகச் சொல்லித் தந்ததில்லை. அவரை நான் ஒருமுறைகூட நேரில் பார்த்ததில்லை.

ஸ்பீக்கரில் நான் பேசியது முழுவதையும் கலைவாணி கேட்டிருந்தார். பணம் வந்த மகிழ்ச்சி அடங்கியதும் திரும்பினார்.

"அப்ப சிஸ்டம் கோளாறு இல்ல."

"இல்லம்மா."

"உங்களுக்கு வெட்கம்."

"ஆமாம்மா. என்னை மன்னிச்சிரு."

"இத்தனை நாளா அந்தக் கம்பெனிக்காரன் பரம்பரையவே திட்டிட்டேன் அங்கிள்! பாவம், அவன் ஒன்னுமே பண்ணல." "அன்னைக்கே சொன்னேன்ல?" என்றார். அதை அவர் மெதுவாகச் சொன்னார். கத்தியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். அதன்பின் அந்த வாரம் முழுவதும் அவர் எனக்குப் போன் செய்யவில்லை. நான் செய்தபோதும் எடுக்கவில்லை. அது எனக்கு வேண்டியதுதான்.

ஞாயிற்றுக்கிழமை அழைப்பில்லாமல் மாசாய் மண்டபத்துக்குப் போனேன். வாசலில் வாழைமரம், உள்ளே தூண் தூணாக மல்லிகையும் சிவப்பு ரோஜாவும். மணப்பெண் மணவறையில் வந்து உட்கார்ந்ததும் கூட்டம் எழுந்து நின்று போனைத் தூக்கிப் படம் எடுத்தது. அவளுடைய அப்பா ஒவ்வொருவரையும் பிடித்து, "எப்படி? எப்படி?" என்று கேட்டுக்கொண்டிருந்தார். கலைவாணி ஒரு தூணுக்குப் பின்னால் நின்று தளர்ந்த ஒரு சரத்தைக் கட்டிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்துத் தலையை மட்டும் ஆட்டினார். அந்த ஆவணியில் ஒரு முகூர்த்தம்கூட அவருக்குத் தவறவில்லை. ஒரு வாடிக்கையாளர்கூடப் பணத்தைத் திருப்பிக் கேட்கவில்லை.

ஐப்பசியில் அவரே போன் செய்தார்.

"அங்கிள், புது அக்கவுண்ட் பாக்கணும். நீங்க வாங்க."

"நானா? வேற யாரும் கெடைக்கலையாம்மா?"

"நீங்க எங்க தப்பு பண்ணுவீங்கன்னு எனக்கு இப்பத் தெரியும்ல. புது ஆளு எங்க பண்ணுவானோ!"

இந்தத் தடவை நான் எந்த நிறுவனத்திடமும் ரேட்டை முதலில் கேட்கவில்லை. முன்பணம் வாங்கும் வியாபாரத்துக்குக் கணக்குத் தருகிறீர்களா என்று கேட்டேன். ஒரு மாதம் சூன்யமாக இருந்து மறுமாதம் பத்து மடங்கு வந்தால் என்ன செய்வீர்கள் என்று கேட்டேன். எவ்வளவு பணத்தைப் பிடித்து வைப்பீர்கள், எப்போது விடுவீர்கள், சிங்கப்பூர்க் கார்டுக்காரரின் மாதக் கணக்கில் எந்தப் பெயர் தெரியும், ஏதாவது ஆனால் போனை எடுப்பது மனிதரா என்று கேட்டேன். சிலர் இணையதளத்தைப் பார்க்கச் சொன்னார்கள். அவர்களை விட்டுவிட்டோம்.

கடைசியில் ஒரு நிறுவனத்தின் ஜொகூர் அலுவலகத்தில் உட்கார்ந்தோம். எதிரே ஒரு மலாய்க்கார இளைஞர். நான் பேச வாயெடுத்தேன். கலைவாணி என் கையை அழுத்தினார். தானே மலாயில் ஆரம்பித்தார். ஆடி என்றால் என்ன, மார்கழி என்றால் என்ன, ஆவணி பிறந்தால் தனக்கு மூச்சுவிட நேரமில்லை என்பது எல்லாவற்றையும், போனில் கல்யாணப் படங்களைக் காட்டிக் காட்டி, கொஞ்சமும் கூசாமல் சொன்னார். முன்பு நடந்ததையும் மறைக்கவில்லை. "இந்த அங்கிள்தான் மறைச்சு எழுதிட்டாரு" என்று என்னைக் கைகாட்டினார். அந்த இளைஞர் என்னைப் பார்த்தார். நான் ஆமாம் என்றேன்.

"அப்ப உங்க ஆவணிக்கு முன்னாடியே உங்க வரம்ப ஏத்தி வச்சுடுறேன், காக்" என்றார் அவர். எங்கள் ஊரில் அக்காவை மலாயில் அப்படித்தான் அழைப்பார்கள்.

ரேட் நான் முன்பு வாங்கிக் கொடுத்ததைவிட அதிகம். நான் பேரம் பேசவில்லை. கலைவாணி கையெழுத்துப் போட்டார்.

அடுத்த ஆடியில் ஒரு காசு வரவில்லை. யாரும் பயப்படவில்லை. கலைவாணி அந்த மாதம் முழுவதும் யானைகளுக்குப் புது வர்ணம் அடித்தார். ஆவணி பிறந்த அன்று நான் காலையிலிருந்து போனை மேசைமேல் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். சாப்பிடும்போதும் பக்கத்திலேயே வைத்திருந்தேன். மறுநாளும் அப்படியே. ஒன்றும் இல்லை. மூன்றாம் நாள் காலை மணி அடித்தது. திரையில் கலைவாணியின் பெயர். சட்டென்று எடுத்தேன்.

"என்னம்மா, நிறுத்திட்டாங்களா?"

"எத அங்கிள்? காசா? அது நேத்தே வந்திருச்சு. ஞாயித்துக்கெழம ஒரே நாள்ல நாலு கல்யாணம், ஆள் பத்தல. நீங்க வந்து வாழமரம் தூக்குறீங்களா?"

போனேன். விடியற்காலையிலேயே லாரியில் ஏறிக்கொண்டேன். நான்கு மண்டபத்துக்கும் தூக்கினேன். இடுப்பு நிமிர ஒரு வாரம் ஆயிற்று.